99 பர்சன்டைல் எடுத்தால் இடம் கிடைத்துவிடுமா?

டிசம்பர் பிற்பாதியில் கேட் தேர்வு முடிவு வரும். வந்த மறுநாளே உறவு வட்டத்தில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கும்: "பையன் 97 எடுத்திருக்கான், ஐஐஎம் கிடைக்குமா?" ஆளுக்கொரு பதில் வரும். "எங்க மச்சான் பையன் 94-லயே போயிட்டான்" என்பார் ஒருவர். "பக்கத்து வீட்டுப் பையன் 99.3, ஒரு கால்கூட வரலை" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு பதிலையும் வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வியிலேயே பாதி விஷயம் விட்டுப்போயிருக்கிறது. எந்த ஐஐஎம்? என்ன பிரிவு? பத்தாம் வகுப்பில் எவ்வளவு? பட்டம் எதில்? வேலை பார்த்ததுண்டா? இவ்வளவும் தெரிந்தால் வாய்ப்பை ஓரளவு கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அதற்கு டிசம்பர்வரை காத்திருக்கவும் வேண்டாம். தேர்வுக்குப் பதிவு செய்யும் ஆகஸ்ட் மாதத்திலேயே போட்டுவிடலாம். ஒரு டீ, ஒரு தாள், ஒரு பேனா போதும். நிதானமாகவே போவோம்.

முதலில், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர்?

2024-ம் ஆண்டு கேட் தேர்வை ஐஐஎம் கல்கத்தா நடத்தியது. நவம்பர் 24 அன்று மூன்று ஸ்லாட்டுகளில் தேர்வு நடந்தது. பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 3.29 லட்சம் பேர். வந்து எழுதியவர்கள் 2.93 லட்சம் பேர். இந்த இரண்டாவது எண்ணைத் தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.

99 பர்சன்டைல் என்றால் எழுதியவர்களில் 100-க்கு 99 பேர் உங்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். கேட்கப் பெருமையாக இருக்கும். அதையே திருப்பிப் போடுங்கள்: 100-க்கு ஒருவர் முன்னால் இருக்கிறார். 2.93 லட்சத்தில் அது 2,930 பேர். 99.9 எடுத்தால் முன்னால் 293 பேர். 95 எடுத்தால் 14,650 பேர். 90 எடுத்தால் 29,300 பேர். அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஆகிய மூன்று ஐஐஎம்களிலும் இரண்டாண்டு முதன்மைப் படிப்புக்கு இருக்கும் மொத்த இடங்கள் ஆயிரத்து ஐந்நூறு அளவில்தான். '99 எடுத்தும் கிடைக்கவில்லையா?' என்று வியப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பு அடங்கிவிடும்.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. 99 பர்சன்டைல் எடுக்க 100-க்கு 99 மதிப்பெண் எடுக்க வேண்டியதில்லை. கேட் வினாத்தாள் 200 மதிப்பெண் அளவில் இருக்கும். சரியான விடைக்கு 3, கொள்குறி வினாவில் தவறினால் 1 கழியும். அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியைக்கூடத் தொடாதவர்கள்தான் 99-ஐப் பிடித்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு வினாத்தாள் கடினம். ஆகவே எதை எழுதுவது என்பதைப் போலவே எதை விடுவது என்பதும் இங்கே ஒரு திறமை. பன்னிரண்டாம் வகுப்பில் எல்லாக் கேள்விகளையும் எழுதிப் பழகிய நம் பிள்ளைகள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அறிவிப்பில் உள்ள கட்-ஆஃப் வேறு, அழைப்பு வருவது வேறு

ஒவ்வொரு ஐஐஎம்மும் தன் சேர்க்கை விதிகளைத் தேர்வுக்கு முன்பே வெளியிட்டுவிடும். பெரிய ஐஐஎம்களின் விதிகளில்கூட, பொதுப்பிரிவுக்குக் குறைந்தபட்சம் 85 பர்சன்டைல் என்பதுபோல ஓர் எண்ணைப் பார்ப்பீர்கள். பல வீடுகளில் இதைப் பார்த்துத்தான் நம்பிக்கை பிறக்கிறது. 85-க்கு மேல் எடுத்தால் போதும்போல என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இதற்குக் கீழே எடுத்தவர்களின் விண்ணப்பத்தைப் பார்க்கவே மாட்டோம். மேலே எடுத்தவர்கள் எல்லோரையும் கூப்பிடுவோம் என்று அது சொல்லவில்லை. அந்த வரம்பைத் தாண்டியவர்களை ஒரு கூட்டு மதிப்பெண்ணால் வரிசைப்படுத்தி, மேலிருந்து தேவையான அளவுக்கு மட்டும் நேர்காணலுக்கு அழைப்பார்கள். பொதுப்பிரிவில் முதல் மூன்று ஐஐஎம்களுக்கு அந்த வரிசை பெரும்பாலும் 99-க்கு மேல்தான் முடியும்.

இந்த வரம்பு மொத்தத்துக்கு மட்டும் கிடையாது. மொழித்திறன், தரவு-தர்க்கம், கணிதம் என்று மூன்று பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சமான நேரத்தை அடுத்ததற்கு எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. கணிதத்தில் 99.8 எடுத்து, தரவு-தர்க்கத்தில் 65-ல் நின்றவர், மொத்தத்தில் நல்ல எண் இருந்தும் பல பட்டியல்களில் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடுவார். பக்கத்து வீட்டு 99.3-க்குக் கால் வராத கதையில் பகுதிவாரியாக எவ்வளவு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனவே தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் வரம்பு: மொத்தம், பகுதிவாரி. இரண்டாவதில் அழைப்புக்கான கூட்டு மதிப்பெண். மூன்றாவதில் இறுதித் தேர்வுக்கான கூட்டு மதிப்பெண். மூன்றும் வெவ்வேறு கணக்குகள். ஒன்றில் முன்னால் இருப்பவர் அடுத்ததில் பின்னால் போகலாம்.

பத்தாம் வகுப்பு உங்களை விடாது

இரண்டாவது பத்தியில்தான் பழைய மதிப்பெண்கள் வந்து உட்காருகின்றன. ஐஐஎம் அகமதாபாத்தை எடுத்துக்கொள்வோம். சமீப ஆண்டுகளில் அது வெளியிட்ட விதிகளின்படி, அழைப்புக்கான கூட்டு மதிப்பெண்ணில் கேட்டுக்கு 65 சதவீத எடை. மீதி 35 சதவீதம் விண்ணப்ப மதிப்பீட்டுக்கு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு, வேலை அனுபவம், பாலினப் பன்முகத்தன்மை ஆகியவை சேர்ந்தது அந்த மதிப்பீடு.

பத்தாம் வகுப்புக்கு எப்படிப் புள்ளி போடுகிறார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 10 புள்ளி. 80-க்கு மேல் 90 வரை 8. 70-க்கு மேல் 80 வரை 5. 60-க்கு மேல் 70 வரை 3. படி படியாக இறங்குகிறது. எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை. 500-க்கு 399 எடுத்தவருக்கு 79.8 சதவீதம், 5 புள்ளி. 401 எடுத்தவருக்கு 80.2 சதவீதம், 8 புள்ளி. பதினைந்து வயதில் இரண்டு மதிப்பெண், இருபத்திரண்டு வயதில் மூன்று புள்ளியாக வந்து நிற்கிறது. நியாயமா என்று கேட்டால் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் விதி அதுதான். விதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டவருக்குக் குறைந்தபட்சம் ஏமாற்றம் இல்லை.

வேலை அனுபவத்திலும் இப்படித்தான். ஓராண்டு நிறையாத அனுபவத்துக்கு அகமதாபாத்தில் புள்ளி கிடையாது. அதன்பின் மாதம் ஏற ஏறக் கூடும். மூன்றாண்டைத் தொட்டபின் ஏறாது. 'ஐந்து வருஷம் ஐடி-யில் இருக்கேன், அது கைகொடுக்கும்' என்று நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெங்களூரு ஐஐஎம்முக்கும் பள்ளி மதிப்பெண் முக்கியம். ஆனால் அங்கே, வெவ்வேறு வாரியங்களில் மதிப்பெண் போடும் விதம் வேறு வேறு என்பதைக் கருதி, உங்கள் மதிப்பெண்ணை உங்கள் வாரியத்தின் உயர்நிலை மாணவர்கள் எடுத்த அளவோடு ஒப்பிட்டுச் சமன்செய்கிறார்கள். ஆகவே 'ஸ்டேட் போர்டில் 96 எடுத்தேன், சிபிஎஸ்இ-காரன் 91-தான்' என்று நேரடியாக ஒப்பிட்டு மகிழ இடமில்லை. இன்னொரு பக்கம், பெண்களுக்கும் பொறியியல் படிக்காதவர்களுக்கும் சில ஐஐஎம்கள் கூடுதல் புள்ளி தருகின்றன. வகுப்பு முழுக்கப் பொறியியல் படித்த ஆண்களாக நிறைந்துவிடக் கூடாது என்பது நோக்கம். பி.காம். படித்த பெண்ணும் பி.இ. படித்த பையனும் ஒரே பர்சன்டைல் எடுத்து, ஒருவருக்கு அழைப்பு வந்து மற்றவருக்கு வராமல் போவது இதனால்தான்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2021-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் பொதுத்தேர்வு நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி, சான்றிதழில் மதிப்பெண் இல்லை. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது பட்டம் முடித்துக் கேட் எழுத வருகிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் பத்தாம் வகுப்புச் சதவீதம் கேட்கும் கட்டத்தில் நீங்களாக ஓர் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். மதிப்பெண் இல்லாதவர்கள் என்ன நிரப்ப வேண்டும் என்பதை அந்த ஆண்டின் வழிகாட்டியில் பாருங்கள். அதில் இல்லையென்றால் கேட் உதவி மையத்துக்கு எழுதிக் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சிஜிபிஏ-வைச் சதவீதமாக மாற்றுவதும் அப்படியே. உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில்தான் மாற்ற வேண்டும். நேர்காணல் மேசையில் சான்றிதழைச் சரிபார்க்கும்போது எண் பொருந்தாவிட்டால், எடுத்த பர்சன்டைல் எதற்கும் உதவாது.

தாசில்தார் அலுவலகத்தில் தொடங்கும் சேர்க்கை

ஐஐஎம்கள் மத்திய அரசின் இடஒதுக்கீட்டைப் பின்பற்றுகின்றன. பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோரில் கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர்களுக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப்பிரிவினருக்கு 10. எல்லாம் கூட்டினால் 59.5. மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீதம் எல்லாப் பிரிவுக்குள்ளும் வரும். அப்படியானால் 400 இடம் உள்ள வகுப்பில் எல்லோருக்கும் திறந்திருப்பவை 162. எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்பது உங்கள் வாய்ப்பைப் பெரிதும் மாற்றும். மச்சான் பையனின் 94-ஐ உங்கள் 94-ஓடு ஒப்பிடும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து வீட்டில் இருப்பது மாநில அரசின் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு மத்திய அரசின் ஓபிசி இடத்தைக் கேட்க முடியாது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பவை எல்லாம் அதில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. அதோடு, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் அல்லாதவர் என்ற ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாசில்தார் கையெழுத்தாகி வர நாளாகும். கிரீமி லேயரா இல்லையா என்பதைத் தீர்மானிக்க ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் என்ற வரம்பு ஒன்று இருக்கிறது. பெற்றோரின் பதவியையும் பார்ப்பார்கள். எந்த வருமானம் கணக்கில் வரும் என்பதில் நுணுக்கம் உண்டு; அக்கம்பக்கத்தில் கேட்காமல் தாலுகா அலுவலகத்திலேயே கேளுங்கள். தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் கிடையாது என்பதால் பல குடும்பங்கள் இந்தச் சொல்லையே முதல்முறையாக இங்கேதான் கேட்கின்றன.

சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதும் அறிவிப்பில் இருக்கும். பழையதைக் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள். பதிவு செய்யும்போது பொதுப்பிரிவு என்று போட்டுவிட்டு, முடிவு வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். நவம்பரில் மூளை வேலை செய்ய வேண்டும் என்றால் ஜூலையில் கால் வேலை செய்ய வேண்டும்.

மாக் டெஸ்ட் எண்ணை எப்படி நம்புவது?

பழைய மதிப்பெண்ணும் பிரிவும் ஆகஸ்டிலேயே முடிந்துபோன விஷயங்கள். தாளில் காலியாக இருப்பது கேட் மதிப்பெண் மட்டும்தான். அதை ஊகிக்க இருக்கும் ஒரே வழி மாக் டெஸ்ட்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, தன் மிகச் சிறந்த மாக்கைத் தன் உண்மையான நிலை என்று எடுத்துக்கொள்வது. ஆறு மாக்கில் 88, 93, 90, 97, 91, 92 வந்திருந்தால், பேச்சில் '97 வருது' என்றுதான் வரும். வரிசைப்படுத்தி நடுவில் பாருங்கள்: 91, 92. அதுதான் நீங்கள். 97 உங்களால் முடியும் என்பதற்குச் சான்று. நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரும் என்பதற்குச் சான்று அல்ல. 88 வந்த நாளும் திரும்ப வரலாம்.

மாக் எழுதியவர்கள் யார் என்பதையும் பாருங்கள். கோச்சிங் நிறுவனத்தின் மாக்கை எழுதுபவர்கள் பணம் கட்டிப் படிப்பவர்கள். அசல் தேர்வில் சும்மா எழுதிப் பார்க்க வந்தவர்களும் இருப்பார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றில்லை. அதனால் பர்சன்டைலைவிடப் பகுதிவாரி மதிப்பெண் போக்கைக் கவனியுங்கள்: எத்தனை கேள்வி தொட்டீர்கள், எத்தனை சரி, எந்தப் பகுதி அடிக்கடி காலை வாருகிறது. மூன்று மாக்கில் தொடர்ந்து மொழித்திறன் 75-க்குக் கீழே என்றால், கணிதத்தில் இன்னும் நான்கு மதிப்பெண் தேடுவதால் அழைப்பு வராது. தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் தடையாக இருப்பது இலக்கணம் இல்லை; பழக்கமில்லாத பொருளில் நீண்ட ஆங்கிலப் பத்தியை வேகமாகப் படிப்பதுதான். அது தினசரி ஒரு மணி நேர வாசிப்பில் சரியாகும். கடைசி மாத கிராஷ் கோர்ஸில் சரியாகாது.

அழைப்பு வந்தபின் கணக்கு மாறுகிறது

ஜனவரி தொடங்கி அழைப்புகள் வரும். ஏப்ரல் வாக்கில் நேர்காணல்கள் முடியும். இடங்களைப்போலப் பல மடங்குப் பேரைக் கூப்பிடுவார்கள். இப்போது மூன்றாவது பத்திக்கு வாருங்கள். அகமதாபாத்தின் சமீபத்திய விதிகளின்படி இறுதிக் கணக்கில் நேர்காணலுக்கு 50, எழுத்துத் தேர்வுக்கு 10, கேட்டுக்கு 25, விண்ணப்ப மதிப்பீட்டுக்கு 15. அழைப்புக்கு 65 சதவீத எடையோடு நின்ற கேட், இங்கே 25-க்கு இறங்கிவிட்டது. உள்ளே வந்த எல்லோரும் ஏறத்தாழ நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் என்பதால் அந்த 25-க்குள்ளும் வித்தியாசம் சிறிது. ஆக, 99.9 எடுத்துவிட்டு நேர்காணலில் முழிப்பவரை, 99.3 எடுத்துத் தெளிவாகப் பேசுபவர் முந்திவிடுவார்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? பொது அறிவுப் புத்தகத்தை உருப்போட்டுப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். படித்த படிப்பின் அடிப்படை, பார்க்கும் வேலை, வந்த ஊர் ஆகியவற்றிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்கும். மெக்கானிக்கல் படித்தவரிடம் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை வீட்டு ஃபிரிட்ஜை வைத்து விளக்கச் சொல்லலாம். தஞ்சாவூர்க்காரர் என்றால், மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பது ஏன், அந்தத் தேதி தள்ளிப்போனால் குறுவை என்ன ஆகும் என்று கேட்கலாம். பதில் தெரியவில்லை என்றால் பெரிய குற்றம் இல்லை. தன் ஊரைப் பற்றி, தன் வேலையைப் பற்றி ஒருநாளும் யோசித்ததே இல்லை என்று தெரிந்தால்தான் மதிப்பெண் போகும். 'என் கம்பெனிக்கு வருமானம் எதிலிருந்து வருகிறது?' என்ற கேள்விக்கு மூன்று வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாத மென்பொருள் பொறியாளர்கள் நிறையப் பேர். இதற்கு ஜனவரியில் கோச்சிங் போக வேண்டாம். ஆகஸ்டிலிருந்தே அலுவலகத்தில் காதைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

நான்கு அழைப்பு என்றால் நான்கு மடங்கு வாய்ப்பா?

ஒவ்வொரு நேர்காணலிலும் 5-ல் ஒரு வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நான்கு அழைப்பு இருந்தால் 80 சதவீதம் என்று கூட்டிவிடக் கூடாது. நான்கிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பைப் பாருங்கள்: 0.8-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.41. ஆகவே ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 59 சதவீதம். அதுவும், நான்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால்தான். நான்கு அறைக்குள்ளும் போவது ஒரே ஆள். முதல் நேர்காணலில் எதில் திணறினீர்களோ, அதைச் சரிசெய்யாமல் போனால் நான்காவதிலும் அதிலேயே திணறுவீர்கள். அதனால் 59-ஐவிடக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் பட்டியல் போடும்போது ஒரே உயரத்தில் உள்ள நிறுவனங்களாக அடுக்கக் கூடாது. ஐஐஎம்கள் 20-க்கும் மேல் இருக்கின்றன. கேட்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டினால் (2024-ல் அது 2,500 ரூபாய்; எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,250) விரும்பிய ஐஐஎம்களை எல்லாம் அதே படிவத்தில் குறித்துவிடலாம். புதிய ஐஐஎம்களில் பல சேர்ந்து பொதுவான நேர்காணல் ஒன்றை நடத்துகின்றன. அதில் ஒருநாள் பேசினால் பல இடங்களுக்குக் கணக்காகும். 2011-ல் தொடங்கிய நம் திருச்சி ஐஐஎம் முதல் மூன்றைவிடக் குறைந்த பர்சன்டைலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஐஐஎம் இல்லாதவற்றுக்குத் தனியாக விண்ணப்பித்துத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை, திருச்சி என்ஐடி, திருச்சியின் பிம், சென்னையின் லிபா, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் உள்ள கிரேட் லேக்ஸ் எல்லாம் கேட் மதிப்பெண்ணைப் பார்ப்பவை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்எம்எஸ் மிகக் குறைந்த கட்டணத்துக்குப் பேர்போனது. அதனாலேயே போட்டியும் கடுமை. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ-க்கு ஜனவரியில் ஸாட் என்ற வேறு தேர்வு. அண்ணா பல்கலைக்கழகம் போன்றவற்றில் எம்பிஏ சேர டான்செட் இருக்கிறது. இவற்றைத் தாளின் கீழே மூன்று வரிசையாக எழுதுங்கள். உங்கள் நடு மாக்கைவிட மேலே கேட்பவை இரண்டு மூன்று; அதே அளவில் கேட்பவை நான்கைந்து; அதற்குக் கீழே, ஆனால் கிடைத்தால் மனமாரப் போய்ச் சேருவீர்கள் என்பவை இரண்டு. மூன்றாவது வரிசையில் போக விரும்பாத கல்லூரியை எழுதுவதில் அர்த்தமில்லை. அதற்குக் கட்டும் விண்ணப்பப் பணம் வீண்.

பட்டியலின் ஓரத்தில் கட்டணத்தையும் எழுதிவிடுங்கள். முன்னணி ஐஐஎம்களில் இரண்டாண்டுக்கு 25 லட்சம் ரூபாய் அளவில் ஆகிறது. வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்கும். திருப்பிக் கட்டுவது நீங்கள். பெயர் தெரியாத தனியார் கல்லூரியும் 15 லட்சம் கேட்டால், அங்கே படித்து முடித்தவர்களில் நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள். விளம்பரத்தில் வரும் அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒருவருடையது.

வெளிநாடும் ஐஎஸ்பி-யும்

ஜிமேட் எழுதி ஹைதராபாத் ஐஎஸ்பி-க்கோ வெளிநாட்டுக்கோ போக நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே அறிவிக்கப்பட்ட சூத்திரம் கிடையாது. வேலை அனுபவம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் சேர்த்து ஆட்கள் படித்து முடிவு செய்கிறார்கள். ஆனாலும் இரண்டு விஷயங்களில் ஏமாறாமல் இருக்கலாம். வகுப்பின் நடு மதிப்பெண் என்று ஓர் எண் கொடுத்திருந்தால், சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே எடுத்தவர்கள். அது கட்-ஆஃப் இல்லை. இரண்டாவது, ஜிமேட் தேர்வே மாறிவிட்டது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு நின்றது. இப்போது உள்ளது 205-லிருந்து 805 வரை போகும் அளவுகோல். இதில் 645 எடுத்தாலே பழைய 700-க்கு ஏறத்தாழச் சமம். 'அண்ணன் 720 எடுத்தான், நான் 655-தான்' என்று வருந்துபவர்கள் இரண்டு வேறு அளவுகோல்களை ஒப்பிடுகிறார்கள்.

இன்னொரு வருஷம் எழுதலாமா?

கேட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும். கிடைக்கவில்லை என்றால் மறுபடி எழுதலாம். வயது வரம்பு இல்லை. எழுதும் முன் தாளைத் திரும்ப எடுத்து, எந்தப் பத்தியில் தோற்றீர்கள் என்று பாருங்கள். பகுதி வரம்பில் விழுந்திருந்தால் அது உழைத்தால் மாறும். நேர்காணலில் விழுந்திருந்தால் அதுவும் மாறும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் இழுத்துவிட்டது என்றால், அடுத்த வருஷமும் அதே பத்தாம் வகுப்புதான். அதே கல்லூரியை மறுபடி குறிவைத்தால் அந்தப் பள்ளத்தைக் கேட் மதிப்பெண்ணாலேயே நிரப்ப வேண்டியிருக்கும். பள்ளி மதிப்பெண்ணுக்குக் குறைந்த எடை தரும் நிறுவனங்களைத் தேடுவது அதைவிடப் புத்திசாலித்தனம். எப்படியிருந்தாலும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதுவதற்கு நான் ஆதரவு தரமாட்டேன். கையில் உள்ள வேலை அனுபவப் புள்ளியும் தருகிறது, நேர்காணலில் பேசுவதற்கு விஷயமும் தருகிறது, சம்பளமும் தருகிறது.

ஆகவே இந்த ஆண்டு கேட் எழுதப்போகும் தம்பி, தங்கைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரே வேண்டுகோள். கோச்சிங்குக்கு முதல் தவணை கட்டும் முன், விரும்பும் ஐந்து நிறுவனங்களின் சேர்க்கை விதிகளை அவற்றின் சொந்தத் தளத்திலேயே இறக்கி, இந்த ஆண்டுக்கு உரியதுதானா என்று பார்த்து, மேலே சொன்ன மூன்று பத்திகளையும் உங்கள் எண்களால் நிரப்புங்கள். இந்தச் சதவீதங்களும் புள்ளிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. போன வருஷம் எழுதியவர் சொன்னார் என்று எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் எழுதியதையும் சேர்த்துத்தான். ஐந்தில் இரண்டிலாவது உங்கள் நடு மாக் எண்ணுக்கு எட்டும் தூரத்தில் அழைப்பு இருந்தால் தைரியமாகப் பணம் கட்டுங்கள். ஒன்றில்கூட இல்லையென்றால் பட்டியலை மாற்றுங்கள், பிறகு கட்டுங்கள்.